படிப்பின் தரம் குறைகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "அந்தக் காலத்துப் படிப்பு மாதிரி வருமா?" என்பது ஒரு கட்சி. "பெரிசுகள் எப்போதும் இப்படித்தான் புலம்பும்" என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டு, கையில் இருக்கும் ஆதாரங்களை வைத்துப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். தரம் குறைந்திருக்கிறதா, இல்லையா?

எவ்வளவு தூரம் பின்னால் போய்ப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1820 வாக்கில் உலகில் வயது வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 12 சதவீதம். இன்று 87 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அந்தக் கணக்கில் இது மனித வரலாற்றிலேயே அதிகம் படித்த காலம். ஆனால் கடைசிப் பத்துப் பதினைந்து வருடங்களை மட்டும் எடுத்தால், பள்ளி வசதிக்குக் குறைவே இல்லாத பல நாடுகளில் வாசிப்பும் கணக்கும் இறங்கியிருக்கின்றன. அதை மறைக்க முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளை மழுங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. புரியாத ஒரு பக்கத்தின் முன்னால், யாருடைய உதவியும் இல்லாமல், எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் சுருங்கியிருக்கிறது. அதைச் சுருக்கியது பிள்ளைகள் மட்டும் இல்லை. அந்த நேரமே தேவைப்படாதபடி பரீட்சையையும் மதிப்பெண்ணையும் வகுப்பையும் மாற்றி அமைத்தவர்கள் பெரியவர்கள்.

எல்லாத் தலைமுறையும் அடுத்த தலைமுறையைப் பற்றி இப்படித்தானே சொல்லியிருக்கிறது?

ஆமாம். சாக்ரடீஸ் சொன்னதாக ஒரு மேற்கோள் சுற்றிக்கொண்டே இருக்கும்: இன்றைய பிள்ளைகளுக்குச் சொகுசு பிடிக்கிறது, பெரியவர்களை மதிப்பதில்லை, ஆசிரியரை ஆட்டிவைக்கிறார்கள் என்று. அதை சாக்ரடீஸ் சொல்லவில்லை. பழைய கிரேக்கர்கள் இளைஞர்களைப் பற்றி என்னவெல்லாம் குறை சொன்னார்கள் என்பதைத் தொகுத்து, 1907இல் கென்னத் ஜான் ஃப்ரீமன் என்ற கேம்பிரிட்ஜ் மாணவரின் ஆய்வேட்டில் வந்த வரிகள் அவை. காலப்போக்கில் யாரோ அதற்கு சாக்ரடீஸ் பெயரைப் போட்டுவிட்டார்கள். படிப்பின் தரத்தைப் பற்றிய புலம்பலே சரிபார்க்காமல் பரவியது கொஞ்சம் வேடிக்கைதான்.

உண்மையில் பிளேட்டோவின் எழுத்தில் சாக்ரடீஸ் வேறொரு கதை சொல்கிறார். தெய்வம் ஒன்று எழுத்தைக் கண்டுபிடித்து எகிப்து மன்னரிடம் கொண்டுவருகிறது. மன்னர் வேண்டாம் என்கிறார். எழுதி வைத்துக்கொண்டால் நினைவாற்றல் போய்விடும், அறிவில்லாமலே அறிவாளி போலத் தோன்றுவார்கள் என்பது அவர் கவலை. 'எழுத்து' என்ற இடத்தில் 'ஏஐ' (செயற்கை நுண்ணறிவு) என்று போட்டால் நேற்று வந்த கட்டுரை மாதிரியே இருக்கும்.

உளவியலாளர்கள் ஜான் புரோட்ஸ்கோ, ஜொனாத்தன் ஸ்கூலர் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. அமெரிக்கப் பெரியவர்களிடம் இன்றைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்கள். நிறைய வாசித்தவர்களே 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பிடிக்கவில்லை' என்று அதிகம் சொன்னார்கள். புத்திக்கூர்மை சோதனையில் நன்றாகச் செய்தவர்கள் 'பிள்ளைகளுக்கு அறிவு குறைந்துவிட்டது' என்றார்கள். நமக்கு எது வருமோ அதைத்தான் மற்றவர்களிடம் குறைவாகப் பார்க்கிறோம். அதோடு, நம் சிறுவயதை நினைக்கும்போது அன்றைய பிள்ளைகள் எல்லோருமே நம்மைப் போல இருந்ததாக நினைத்துக்கொள்கிறோம். வகுப்பின் கடைசி பெஞ்சு நினைவில் இருப்பதே இல்லை.

ஆனால் ஒன்று. பழைய புகார் என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. நூறு முறை பொய்யாகப் புலி வந்தது என்று கத்தியிருக்கலாம். நூற்றியோராவது முறை புலி வந்ததா என்று போய்த்தான் பார்க்க வேண்டும்.

100 வருடத்துக்கு முந்தைய எட்டாம் வகுப்பு வினாத்தாளை இன்றைய பட்டதாரியால் எழுத முடியாது என்கிறார்களே?

அதிகம் பகிரப்படுவது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், சலைனா ஊரில், 1895இல் நடந்த எட்டாம் வகுப்புத் தேர்வின் வினாத்தாள். அதில் ஒரு கணக்கு: 2 அடி ஆழம், 10 அடி நீளம், 3 அடி அகலம் உள்ள வண்டிப் பெட்டியில் எத்தனை புஷல் (தானியம் அளக்கும் அளவு) கோதுமை பிடிக்கும்? விடை சுமார் 48. பெருக்கல் யாருக்கும் வரும். ஒரு புஷல் என்பது எத்தனை கன அடி என்பது இன்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது அன்றாடக் கணக்கு. இன்றைய பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நிகழ்தகவு தெரியும், வரைபடத்தைப் படிக்கத் தெரியும், மரபணு என்றால் என்னவென்று தெரியும். இதில் எதையும் அன்றைய பிள்ளையிடம் கேட்டிருக்க முடியாது.

இன்னொன்று, 1900 வாக்கில் அமெரிக்காவில் 17 வயதுக்காரர்களில் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் 6 சதவீதம்தான். மீதி 94 பேரில் பெரும்பாலோர் வயலிலும் ஆலையிலும் இருந்தார்கள். நூற்றுக்கு ஆறு பேரை எடுத்து, நூற்றுக்கு நூறு பேரின் சராசரியோடு ஒப்பிட்டால் பழைய காலம்தான் ஜெயிக்கும்.

இருந்தாலும் அந்த வினாத்தாளில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. பெரும்பாலான கேள்விகளுக்கு வாக்கியமாக எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற பேச்சே இல்லை.

சரி, நம்பகமான அளவீடுகள் என்ன சொல்கின்றன?

ஒரே மாதிரிக் கேள்விகளை வருடக்கணக்காகக் கேட்டு வரும் தேர்வுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் நம்பலாம், பள்ளி மதிப்பெண்களை நம்ப முடியாது. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

முதலாவது பிசா. பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2000இலிருந்து நடத்தும், 15 வயது மாணவர்களுக்கான தேர்வு. 2022இல் 81 நாடுகளும் பகுதிகளும், கிட்டத்தட்ட 7 லட்சம் மாணவர்களும் கலந்துகொண்டார்கள். 2018ஐ விட ஓஇசிடி நாடுகளின் சராசரி கணக்கில் 15 புள்ளியும் வாசிப்பில் 10 புள்ளியும் குறைந்தது. ஒரு வருடப் பள்ளிப் படிப்பு ஏறக்குறைய 20 புள்ளிக்குச் சமம் என்று ஓஇசிடி சொல்கிறது. ஆக, கணக்கில் முக்கால் வருடம் காணாமல் போயிருக்கிறது. ஒரு காலத்தில் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பாராட்டிய பின்லாந்து, கணக்கில் 2006இல் 548 புள்ளி எடுத்தது; 2022இல் 484. இன்னும் சராசரிக்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் இறக்கம் செங்குத்தானது.

இரண்டாவது, பெரியவர்களுக்கான தேர்வு. 16 முதல் 65 வயதுவரை உள்ளவர்களிடம் அதே ஓஇசிடி நடத்துவது. 2024 டிசம்பரில் முடிவு வந்தது. 31 நாடுகளும் பகுதிகளும் பங்கேற்றன. ஏறத்தாழ பத்து வருடத்துக்கு முந்தைய முடிவோடு ஒப்பிட்டால், எழுத்தறிவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவை பின்லாந்தும் டென்மார்க்கும் மட்டும். மற்றவை அப்படியே நின்றன அல்லது இறங்கின. இத்தனைக்கும் இந்தப் பத்து வருடத்தில் பட்டம் வாங்கியவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பட்டம் ஏறுகிறது, வாசிக்கும் திறன் ஏறவில்லை. எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மிகவும் உறுத்தும் செய்தி இதுதான். இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் வழியில்லை.

மூன்றாவது, சராசரி மறைக்கும் ஒன்று. அமெரிக்காவின் தேசிய அளவிலான தேர்வில் 2013க்குப் பிறகு மேலே இருக்கும் மாணவர்கள் பெரிதாக இறங்கவில்லை. கீழே இருப்பவர்கள்தான் இன்னும் கீழே போனார்கள். 2024இல் எட்டாம் வகுப்பு மாணவர்களில் மூன்றில் ஒருவர் வாசிப்பில் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்தார். அந்தத் தேர்வின் வரலாற்றில் இதுவரை இவ்வளவு பேர் கீழே இருந்ததில்லை. 'எல்லோரும் மந்தமாகிவிட்டார்கள்' என்று சொல்வது சரியில்லை. தாங்கிப் பிடிக்க வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைதான் வழுக்கி விழுகிறது.

ஏழை நாடுகளின் நிலை வேறு. அங்கே பிள்ளைகள் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள், படிப்பு இன்னும் வந்து சேரவில்லை. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதில் ஒரு எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைகள் 2019இல் 57 சதவீதம் என்பது உலக வங்கியின் கணக்கு. கொரோனாவுக்குப் பிறகு 70 சதவீதம் ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இதை 'தரம் குறைந்தது' என்று சொல்வதே பொருந்தாது. அவர்களுக்குத் தரமான படிப்பு இன்னும் கிடைக்கவே இல்லை.

எல்லாம் கொரோனாவால் வந்ததுதானே?

ஒரு பகுதி. பள்ளிகள் மூடியிருந்தது பலமாக அடித்தது. ஆனால் பின்லாந்து 2006இலிருந்தே இறங்குகிறது, அமெரிக்க மதிப்பெண்கள் 2013 வாக்கிலிருந்தே சரிகின்றன. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த சுவரில் பெருமழை பெய்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மனிதர்களின் அறிவுத்திறனே குறைகிறதா? ஐக்யூ இறங்குகிறது என்று படித்தேனே?

20ஆம் நூற்றாண்டு முழுக்க ஐக்யூ என்ற புத்திக்கூர்மைச் சோதனையின் மதிப்பெண் ஏறிக்கொண்டுதான் இருந்தது, பத்து வருடத்துக்குச் சுமார் 3 புள்ளி வீதம். நியூசிலாந்தில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஃப்ளின் 1984இலும் 1987இலும் இதை எடுத்துக்காட்டியதால் அவர் பெயரிலேயே 'ஃப்ளின் விளைவு' என்கிறார்கள். தாத்தாக்கள் எல்லோரும் மந்தமாகவா இருந்தார்கள் என்று கேட்டால், இல்லை. அவர்கள் மூளை வேறு வேலைக்குப் பழகியிருந்தது.

இதற்கு ஃப்ளின் எடுத்துக்காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. 1930களின் தொடக்கத்தில் ரஷ்ய உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா, பள்ளிக்கே போகாத உஸ்பெக் விவசாயிகளிடம் ஒரு புதிர் போட்டார். 'வடக்கே பனி இருக்கும் இடத்தில் எல்லாக் கரடியும் வெள்ளை. நோவயா செம்ல்யா வடக்கே இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்?' பதில் இப்படி வந்தது: நான் கறுப்புக் கரடிதான் பார்த்திருக்கிறேன், பார்க்காததைப் பற்றி நான் பேசுவதில்லை. அந்த மனிதர் முட்டாள் இல்லை, பொறுப்பானவர். கண்ணால் காணாத ஒன்றை 'அப்படி வைத்துக்கொள்வோம்' என்று எடுத்துக்கொண்டு யோசிப்பது, பள்ளி கற்றுக்கொடுக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் பரவப் பரவ ஐக்யூ ஏறியது.

இப்போது இறங்குவது பற்றி. நார்வேயில் ராணுவச் சேவைக்கு வந்த 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களின் மதிப்பெண்களை வைத்து 2018இல் ஒரு ஆய்வு வந்தது. 1970களின் நடுவில் பிறந்தவர்களோடு ஏற்றம் நின்றது. அதன் பிறகு இறக்கம். முக்கியமான விஷயம், ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கு இடையிலேயே இந்த இறக்கம் தெரிந்தது. அப்படியானால் பரம்பரை, குடியேற்றம், 'அறிவாளிகள் பிள்ளை பெறுவதில்லை' போன்ற காரணங்கள் அடிபட்டுப் போகின்றன. தம்பி வளர்ந்த சூழலில் ஏதோ மாறியிருக்கிறது. சூழல் ஏற்றியதைச் சூழலே இறக்கவும் முடியும்.

அப்படியானால் மதிப்பெண்கள் மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகின்றன?

குறைந்த மதிப்பெண் போட்டால் யாருக்கும் லாபம் இல்லை, அதனால்தான். மாணவருக்குக் கோபம், பெற்றோருக்குக் கோபம், பள்ளிக்குக் கெட்ட பெயர், ஆசிரியருக்குத் தலைவலி. தாராளமாகப் போட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. நஷ்டம் உடனே தெரியாது.

ஸ்டூவர்ட் ரோஜ்ஸ்டாசர், கிறிஸ்டோபர் ஹீலி இருவரும் அமெரிக்கக் கல்லூரி மதிப்பெண்களை வருடக்கணக்காகச் சேர்த்தார்கள். 1960இல் போடப்பட்ட தரநிலைகளில் மிக உயர்ந்ததான 'ஏ' சுமார் 15 சதவீதம். 2008இல் 43 சதவீதம். இங்கிலாந்தில் பள்ளி முடிவில் எழுதும் ஏ-லெவல் தேர்வில் முதல் தரம் வாங்குபவர்கள் பெருகிவிட்டதால், அவர்களுக்குள்ளேயே பிரித்துப் பார்க்க 2010இல் ஏ-வுக்கு மேலே 'ஏ ஸ்டார்' என்று ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பிறகு கொரோனா சமயத்தில் தேர்வு நடத்த முடியாமல் ஆசிரியர்களே மதிப்பெண் போட்டபோது, 2019இல் 25.4 சதவீதமாக இருந்த ஏ, அதற்கு மேல் தரங்கள் 2021இல் 44.8 சதவீதமாகத் தாவின. பள்ளிகள் மூடிக்கிடந்த வருடத்தில் அத்தனை பேர் திடீரென்று கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள்!

மதிப்பெண் ஊதிப்போவதன் உண்மையான பாதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 95 வாங்கும் பிள்ளை 'எனக்கு இது தெரியும்' என்று நம்புகிறது. வீட்டிலும் நம்புகிறார்கள். தெரியாது என்பது வெளிப்படுவதற்குள் மூன்று வருடம் போயிருக்கும். காய்ச்சல்மானி எப்போதும் 98.6 காட்டினால் வைத்தியம் எப்போது பார்ப்பது?

தேர்வு எழுதுபவர்கள் கூடினால் சராசரி இறங்கத்தானே செய்யும்?

செய்யும். அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண் 1963இலிருந்து சரிந்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. 1977இல் ஒரு குழு ஆராய்ந்து சொன்னது: 1970 வரையிலான சரிவில் பெரும்பகுதிக்குக் காரணம், முன்பு கல்லூரிப் பக்கமே வராத குடும்பத்துப் பிள்ளைகளும் தேர்வு எழுத வந்ததுதான். அது சரிவே இல்லை, கதவு திறந்ததன் அடையாளம். ஆனால் அதே குழு, 1970க்குப் பிறகான சரிவுக்கு இந்தச் சமாதானம் போதாது என்றும் சொன்னது. இன்று வாதம் செய்பவர்கள் இதில் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

உழைப்பு குறைந்துவிட்டது என்கிறீர்கள். அதை எப்படி அளப்பது?

நேரத்தை வைத்து ஓரளவு அளக்கலாம். பிலிப் பாப்காக், மிண்டி மார்க்ஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் நேரக் கணக்கைத் தோண்டினார்கள். 1961இல் முழுநேர மாணவர் ஒருவர் வகுப்பு, படிப்பு இரண்டுக்குமாக வாரத்துக்கு 40 மணி நேரம் செலவிட்டார். 2003இல் 27 மணி நேரம். குறைந்ததில் பெரும்பகுதி வகுப்புக்கு வெளியே தானாகப் படிக்கும் நேரம்: 24 மணியிலிருந்து 14 மணிக்கு. வருடத்தைக் கவனியுங்கள். 2003இல் பாக்கெட்டில் ஸ்மார்ட்போன் கிடையாது. வேலைக்குப் போகும் மாணவர்கள் கூடியதால் என்று விளக்கப் பார்த்தால், வேலைக்குப் போகாதவர்களிடமும் இதே இறக்கம். இதே வருடங்களில்தான் 'ஏ'க்கள் பெருகின. குறைந்த படிப்புக்கு நிறைய மதிப்பெண் என்ற ஒப்பந்தத்தில் இரு தரப்பும் பேசாமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

வாசிப்பிலும் இதுதான். அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட தினமும் பிடித்ததை வாசிப்பவர்கள் 2012இல் 27 சதவீதம், 2023இல் 14 சதவீதம். பெரியவர்கள் யோக்கியமா என்றால், எந்த ஒரு நாளை எடுத்தாலும் விருப்பத்துக்காக வாசித்தவர்கள் 2004இல் 28 சதவீதமாக இருந்து 2023இல் 16 ஆகியிருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் கையில் போனோடு உட்கார்ந்துகொண்டு 'போய்ப் புத்தகம் படி' என்றால் எந்தப் பிள்ளை போகும்?

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தேர்வில் குறைந்த மதிப்பெண் வந்தால் தெரியாததால் வந்ததா, முயற்சி செய்யாததால் வந்ததா? அமெரிக்காவிலும் ஷாங்காயிலும் பிசா மாதிரிக் கணக்குகளைக் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். சில மாணவர்களிடம் தேர்வு தொடங்கும் நிமிடத்தில் 25 ஒற்றை டாலர் நோட்டுகள் அடங்கிய உறையைக் கொடுத்து, ஒவ்வொரு தவறுக்கும் ஒரு நோட்டு போய்விடும் என்றார்கள். அமெரிக்க மாணவர்கள் அதிகக் கேள்விகளை முயன்றார்கள், மதிப்பெண்ணும் ஏறியது. ஷாங்காயில் அதற்குச் சமமான பணம் கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை. அவர்கள் ஏற்கெனவே முழுதாக முயன்றுகொண்டிருந்தார்கள். உறை கைக்கு வந்த அந்த ஒரு நிமிடத்தில் யாரும் புதிதாகக் கணக்குக் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

கைப்பேசிதான் முதல் குற்றவாளி என்று சொல்லிவிடலாமா?

குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாம், தீர்ப்பு எழுத அவசரப்பட வேண்டாம். பல நாடுகளில் சரிவு வேகம் பிடித்தது 2012ஐ ஒட்டி. பிள்ளைகள் கையில் ஸ்மார்ட்போன் வந்த காலமும் அதுதான். பிசா 2022இல், கணக்கு வகுப்பில் பக்கத்து மாணவர்களின் போன், டேப்லெட்டால் கவனம் சிதறுகிறது என்றவர்கள் மற்றவர்களை விட 15 புள்ளி குறைவாக எடுத்தார்கள். ஆனால் மேலே பார்த்தபடி, கல்லூரிப் படிப்பு நேரம் போனுக்கு வெகு முன்பே கரைந்துவிட்டது.

திரையில் படிப்பது பற்றி மட்டும் கொஞ்சம் உறுதியாகச் சொல்லலாம். 2018இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தகவல் சார்ந்த பகுதிகளைத் தாளில் படித்தவர்களுக்குக் கூடுதலாகப் புரிந்தது. நேர நெருக்கடி இருக்கும்போது வித்தியாசம் இன்னும் அதிகம். கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. திரையைப் பார்த்தாலே 'மேலோட்டமாக ஓட்டு' என்ற மனநிலைக்குக் கண் பழகிவிட்டது போலும். சுவீடன் 2023இல் வகுப்பறைத் திரைகளிலிருந்து பின்வாங்கி அச்சுப் பாடப்புத்தகங்களுக்குப் பணம் ஒதுக்கியது இந்தக் கவலையால்தான்.

கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள். ஏஐ மட்டும் என்ன செய்துவிடப் போகிறது?

கால்குலேட்டர் பயம் பெரும்பாலும் வீண் என்பது உண்மை. 1986இல் 79 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பாடத்தோடு சேர்த்துக் கால்குலேட்டர் பயன்படுத்திய பிள்ளைகளின் கைக்கணக்கு கெடவில்லை. விதிவிலக்காக இருந்தது நான்காம் வகுப்பு. நல்ல ஆசிரியர்கள் இந்த விதிவிலக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்: அடிப்படை இன்னும் உறையாத வயதில் கருவியைக் கொடுத்தால் இடிக்கிறது.

ஆனால் கால்குலேட்டர் பெருக்கிக் கொடுத்தது. எதைப் பெருக்க வேண்டும் என்று நீங்கள்தான் யோசித்தீர்கள். ஏஐ அந்த யோசனையையும் சேர்த்தே செய்து கொடுக்கிறது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சுமார் ஆயிரம் மாணவர்களை வைத்து நடந்த சோதனை இதற்கு நல்ல உதாரணம். கணக்குப் பயிற்சியின்போது ஒரு குழுவுக்கு ஜிபிடி-4 என்ற ஏஐ அப்படியே கிடைத்தது. பயிற்சியில் அவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு ஏஐ இல்லாமல் தேர்வு வைத்தபோது, அதைக் கண்ணிலேயே காட்டாத குழுவை விட 17 சதவீதம் குறைவு. இன்னொரு குழுவுக்கு விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஏஐயை மாற்றி அமைத்திருந்தார்கள். அவர்கள் பயிற்சியில் 127 சதவீதம் கூடுதல். தேர்வில் பாதிப்பு ஏறக்குறைய இல்லை.

கருவி ஒன்றே. எந்த இடத்தில் அது வாயை மூடிக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கும் அக்காக்களுக்கு இது புதிதில்லை. விடையைச் சொல்லிவிட்டால் தம்பி உடனே விளையாடப் போய்விடுவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் கூகுளில் இருக்கும்போது எதையும் ஏன் மனதில் வைத்திருக்க வேண்டும்?

புரியாமல் நெட்டுருப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் தலையில் ஒன்றுமே இல்லாமல் வாசிக்க முடியாது. 1988இல் அமெரிக்காவில் 64 மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்ட வருணனையைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான் புதிய விஷயத்தைப் பிடித்து நிறுத்தும் ஆணி. ஆணி இல்லாத சுவரில் எதை மாட்டுவது? எதைத் தேடவேண்டும் என்று தெரியவே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

சிரமப்பட்டுத்தான் படிக்க வேண்டுமா? ஜாலியாகக் கற்றால் தப்பா?

ஜாலி தப்பில்லை. சுலபம்தான் ஏமாற்றும்.

உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனை மிக எளிமையானது. ஒரு குழு பாடப் பகுதியை இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்தவர்களுக்கே வெற்றி: அவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56, திரும்பப் படித்தவர்களுக்கு 42. பரீட்சை நாள் காலையில் புரட்டிக்கொண்டு ஓடுவது ஏன் பலிப்பது போல இருக்கிறது, ஏன் ஒரு வாரத்தில் ஆவியாகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

2019இல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தார்கள். ஒன்றில் நல்ல பேச்சாளர் சொற்பொழிவாற்றினார். மற்றதில் மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து கணக்கோடு மல்லுக்கட்டினார்கள். மல்லுக்கட்டியவர்கள்தான் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் 'நிறையக் கற்றுக்கொண்டேன்' என்ற உணர்வு சொற்பொழிவு கேட்டவர்களுக்கே அதிகம் இருந்தது. பத்து நிமிட வீடியோ பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி ஒரு தெளிவு வருமே, அதேதான். வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பாருங்கள், தெரிந்துவிடும். எனக்கு இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிட்ட நாட்கள் நிறைய.

மாணவர்களின் திருப்தியை வைத்து வகுப்பை மதிப்பிடும் இடங்களில் எந்த ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. பரீட்சைகளும் அந்தத் திசையில்தான் நகர்கின்றன. 2024இல் கணினிக்கு மாறிய எஸ்ஏடியில் வாசிப்புப் பத்திகள் 25 முதல் 150 சொற்கள்வரைதான், ஒரு பத்திக்கு ஒரே கேள்வி. முன்பு 500 சொல்லுக்கு மேல் நீளும் பகுதிகள் இருந்தன. பரீட்சையில் நீண்ட பகுதி இல்லை என்றால் வகுப்பில் யார் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள்?

சரிந்தது எங்காவது மீண்டு எழுந்திருக்கிறதா?

எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் மிகவும் ஏழ்மையான மாநிலங்களில் ஒன்றான மிசிசிப்பி, நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013இல் 49ஆவது இடத்தில் இருந்தது. அந்த வருடம் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் முறைக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள், பின்தங்கிய பள்ளிகளுக்குப் பயிற்சியாளர்களை அனுப்பினார்கள், சிறு வயதிலேயே சோதித்துத் தடுமாறும் பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்க வராத பிள்ளையைச் சும்மா மேலே தள்ளிவிடாமல் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார்கள். 2024இல் 9ஆவது இடம். பிள்ளையை வகுப்பில் நிறுத்திவைப்பது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கே அதில் முழு உடன்பாடு கிடையாது. ஆனால் பணக்கார மாநிலங்கள் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த பத்து வருடத்தில் இது நடந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மதிப்பெண்ணை விட்டுவிட்டு, படித்த பாடத்தைப் புத்தகம் மூடியபடி சொல்லச் சொல்லுங்கள். திக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். அந்த ஒரு நிமிடம் பெற்றோருக்குத்தான் அதிகக் கஷ்டம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் உரக்க வாசித்துக் காட்டுங்கள், வயது ஏறிவிட்டது என்று நிறுத்த வேண்டாம். ஏஐயைப் பயன்படுத்தினால் முதலில் தானாக முயன்ற தாளைக் காட்டிவிட்டு அப்புறம் கேட்கட்டும்.

எனக்கு 40 வயது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் தடிப் புத்தகம் படித்தவன், இப்போது இரண்டு பக்கம் ஓடவில்லை. திரும்ப வருமா?

வரும். கண்ணும் மூளையும் கெட்டுப்போகவில்லை, பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது. நானும் அந்த வழியில் போய்த் திரும்பியவன். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அச்சுப் புத்தகம் ஒன்றோடு 20 நிமிடம் உட்காருவது என்று தொடங்கினேன். முதல் வாரம் ஏழாவது எட்டாவது நிமிடத்தில் கை தானாக மேசையைத் தடவும். அங்கே ஒன்றும் இருக்காது. படித்த பத்தியைத் திரும்பப் படிக்க வேண்டிவரும், எரிச்சலாக இருக்கும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது 50 நிமிடம் போயிருந்தது.

கதையில் தொடங்குங்கள். தத்துவப் புத்தகத்தை எடுத்துத் தோற்றுவிட்டு, நமக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.